யார்மேல் எறிந்த பெயர்

எங்கள் புஹேரா பக்கத்தில் ஒருவர்மேல் கோபம் வந்தால் நேரில் போய்த் திட்டுவது நாகரிகமில்லை. திட்டினால் ஊர்த்தலைவர் முன்னால் உட்கார்ந்து ஆடோ கோழியோ அபராதம் கொடுக்க வேண்டிவரும். அந்தத் திட்டையே பிறந்த பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே ஆயுசு முழுக்க உரக்கச் சொல்லலாம். எந்தத் தலைவரும் கேட்க முடியாது. 'என் பிள்ளையை நான் கூப்பிடுகிறேன், உங்களுக்கு ஏன் வலிக்கிறது?' அவ்வளவுதான். பிள்ளை இல்லாதவர்கள் நாய்க்கு வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். 'எங்களைப் பகைத்தார்கள்', 'பேசுங்கள் பேசுங்கள்' என்றெல்லாம் பெயர் வாங்கிய எத்தனையோ பேர் அதே பெயரோடு பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, கல்லறையிலும் அதையே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்படி எறியப்பட்ட பெயர்களில் ஒன்று நியாராய். 'வெட்கப்படுங்கள்' என்று அர்த்தம்.

அந்தப் பெயரைச் சுமந்தவள் அதை ஒரு பதக்கம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சுமந்தாள். கடைத்தெருவில் மாவு மில் ஓட்டியவள் அவள்தான். டீசல் எஞ்சின். அது கிளம்பினால் மூன்று வயல் தள்ளியிருக்கிற கோழிகள் இட வந்த முட்டையைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும் என்பார்கள். ஒரு முறை பாதி நிறுத்திய முட்டையை நியாராயே பார்த்ததாகச் சொல்வாள். புருவம் முதல் குதிகால்வரை மாவு படிந்து, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே அவளுக்குக் குரல் வெண்கலமாகிவிட்டது. சோளக் கூடையோடு வரிசையில் நிற்கிற பெண்களில் புதியவள் யாராவது இருந்தால் கட்டாயம் கேட்பாள்.

"யார்மேல வெச்ச பேரும்மா உன்னுது?"

"எங்க ஒட்டிலியா அத்தை மேல!" என்று எஞ்சினை மீறி நியாராய் கத்துவாள். "எங்கம்மா கல்யாணமாகி வந்து ரொம்ப நாள் பிள்ளையில்லாம இருந்தாங்க. 'காய்க்காத பூசணிக்கொடி, பிடுங்கிப் போட்டுட்டு வேற நடுடா'ன்னு அத்தை எங்கப்பா காதுல ஓதிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நான் பொறந்தேன். எங்கம்மா என்னை வாசலுக்குத் தூக்கிட்டு வந்து, அத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'பேரு நியாராய்'னாங்க பாரு, அத்தை அப்படியே உக்காந்துடுச்சு!"

இது முதல் வருடத்துக் கதை. அடுத்த வருடம் அத்தை மல்லாந்து விழுந்தாள். அதற்கடுத்த வருடம் பூசணித் தோட்டத்தில் விழுந்தாள். கடைசி அறுவடையின்போது அவள் ஆறுவரைக்கும் உருண்டு போய், மாட்டுவண்டி கட்டித் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் நியாராய்க்கே சொல்லத் தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "யார்மேல, யார்மேல" என்று துளைத்தபோது ஏதாவது பதில் வேண்டியிருந்தது. அங்கே கேட்டது, இங்கே கேட்டது, ஒட்டவைத்தாள், ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் கேட்டபோதெல்லாம் அம்மா களியைக் கிண்டப் போய்விட்டாள். ஜெயித்தவர்கள் பெருமையடித்துக்கொள்ள மாட்டார்கள் என்று மகள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

அம்மாவை ஊர் முழுக்க 'நியாராய் அம்மா' என்றுதான் கூப்பிட்டது. தலைச்சன் பிள்ளையின் பெயர்தான் பெற்றவளின் பெயர். அதற்கு முந்தியதை ஊர் மறந்துவிடும். அப்பா மருஃபுவும் மனைவியை அப்படித்தான் அழைத்தார். "நியாராய் அம்மா, தண்ணி. நியாராய் அம்மா, மூக்குப்பொடி எங்கே?"

ஒட்டிலியா அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம், சிறுமி நியாராய் எதிரே போய் நின்று தன் பெயரைத் தானே மூன்று தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடுவாள். வளர்ந்த பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அவளுடைய அத்தையின் வாய்வழியாகத்தான் நடக்க வேண்டும். நியாராய் தன் பேச்சுக்குத் தூரத்து உறவில் ஒரு அத்தையைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாள். ஒட்டிலியா அத்தை புதுத்துணி கட்டிக்கொண்டு வந்து, வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். சபாஷ், அம்மாவின் அம்பு இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று நியாராய்க்கு அன்று பரம திருப்தி.

கல்யாணமாகிப் போன இடத்தில்தான் அவளுக்குச் சரியான ஜோடி கிடைத்தது. புருஷனைச் சொல்லவில்லை, மாமியாரைச் சொல்கிறேன். புருஷன் தாவெங்குவா சுரங்க வேலைக்குப் போய்விட்டு எப்போதோ ஒரு முறை வருகிற சாது. மாமியாரோ பெயர் எறிவதில் கைதேர்ந்தவள். மருமகள் வந்த வாரமே வீட்டு நாயின் பழைய பெயரை மாற்றி 'சிம்பே' என்று வைத்தாள். சோம்பேறி. விடியற்காலையில் மருமகளின் குடிசைக்கு வெளியே நின்று, தேனொழுக, "சிம்பே! சூரியன் வந்தாச்சு, இன்னும் என்ன தூக்கம்? சிம்பே! முற்றம் கூட்டலையா?" என்பாள். நாய் பாவம், முற்றம் கூட்டத் தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நியாராய் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். தனக்கும் ஒருநாள் பிள்ளை பிறக்கும்.

பிறந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெண் குழந்தை. "பேரை நீயே வெச்சுடு, எனக்கு லீவு கிடைக்கல" என்று தாவெங்குவா சொல்லி அனுப்பினான். தொப்புள்கொடி உதிர்ந்த அன்று மாமியார் வீட்டார் வந்து, பிள்ளையை வெளியே காட்டிப் பெயர் சொல்வதாக ஏற்பாடு. எறிய வேண்டிய பெயரை நியாராய் மூன்று வருடமாகத் தீட்டி வைத்திருந்தாள். நெட்சாய்: 'தொல்லை கொடுங்கள், கொடுத்துக்கொண்டே இருங்கள்.' இனி மாமியார் தன் பேத்தியைக் கொஞ்சும்போதெல்லாம் தன்னைத்தானே குத்திக்கொள்ள வேண்டும். அவள் முகம் போகப்போகிற போக்கை நினைத்து, பாய்மேல் படுத்தபடி நியாராய் தனியே சிரித்துக்கொண்டாள்.

மாமியார் வருவதற்கு முன்னால் வந்து சேர்ந்தவள் ஒட்டிலியா அத்தை. குனிந்து குடிசைக்குள் நுழைந்து, பிள்ளையை முதுகில் கட்டுகிற புதுத்துணி ஒன்றைப் பாயின் ஓரத்தில் வைத்தாள். வெளியே அம்மா உரலில் குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பேரு முடிவாயிடுச்சாடி?"

"ஆச்சு. நெட்சாய்."

"தொல்லை கொடுங்கன்னா? யாருக்கு?"

"என் மாமியாருக்குத்தான். நாயை வெச்சு எனக்குப் பாடம் நடத்தினாங்கல்ல, வாங்கிக்கட்டும். எங்கம்மா காட்டின வழிதானே அத்தை. உங்களுக்குத் தெரியாததா? நீங்க ஏற்கனவே வாங்கினவங்களாச்சே."

"நான் என்னத்தடி வாங்கினேன்?"

"என் பேரை."

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். "மில்லுல எவளோ சொன்னா, ஒட்டிலியான்னு ஒருத்தி ஆத்துக்குள்ள உருண்டு போனாளாம்னு. யாரோ வேற ஒட்டிலியா, பாவம்னு நெனச்சேன்டி நான்!" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏண்டி... இதுக்குத்தானா இத்தனை வருசம் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போன? உன் கல்யாணப் பேச்சுல என்னை வாசல்ல நிக்க வெச்சது இதுக்குத்தானா?"

"பின்ன? எங்கம்மாவை அனுப்பிடச் சொன்னவங்கதானே நீங்க?"

"நானா! அடி, உன் பேரை உங்கம்மா வெக்கலடி. உங்கப்பன் வெச்சான்."

குழந்தையின் வாயிலிருந்து மார்பு நழுவியது. குழந்தை வீரிட்டது. நியாராய்க்குக் காதில் விழவில்லை.

"அப்பாவா? யார்மேல?"

அத்தை வாசற்பக்கம் பார்த்தாள். உரல் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அதை நோக்கி உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

"அதோ, குத்திட்டிருக்காளே. அவமேல."



"உங்கம்மாவுக்குப் பிள்ளை எப்படிடி வரும்?" என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்கப்பன் ஜோகனஸ்பர்க்குல பூமிக்கடியில தங்கம் வெட்டிட்டிருந்தான். வந்தான், நீ வயித்துல வந்த. ஆனா மாசம் நெறையறதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்ட. எலிக்குஞ்சு மாதிரி இருந்த. உன்னைப் பஞ்சுல சுத்தி, புதுச்சட்டிக்குள்ள வெச்சு, அடுப்போரமா உக்காந்து காவல் காத்தவ நான். உங்கப்பன் விரலை மடக்கி மடக்கி மாசத்தைக் கூட்டினான். கணக்கு இடிச்சுது. உள்ளயே வரல. இந்த வாசப்படிக்கு வெளிய நின்னு, 'பொண்ணா? சரி. பேரு நியாராய்'னு சொல்லிட்டுப் போயிட்டான். உங்கம்மா படுத்திருந்த இடத்துலயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டா. நான் களிக்கரண்டியோட அவன் பின்னாடி மாட்டுப்பட்டி வரைக்கும் ஓடினேன்டி. ரெண்டு போட்டேன். கரண்டிதான் ஒடிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் நீ தேறின. எலிக்குஞ்சு மனுசக்குஞ்சு ஆச்சு. காது விரிஞ்சுது. உங்கப்பன் காதும் உன் காதும் ஒரே அச்சு, மடல் தலையோட ஒட்டிக்கிட்டு, பாத்தியா? ஊரே பார்த்துச்சு. அவனும் பார்த்தான். அதுக்குள்ள பேரு ஒட்டிக்கிச்சு."

நியாராய் எழுந்து உட்கார்ந்தாள். தலைக்குள் மில் எஞ்சின் ஓடியது. சாயங்காலங்களில் வயலைத் தாண்டி, ஆற்றங்கரையைத் தாண்டி, அம்மா இரு கைகளையும் வாயில் குவித்து, 'நியாராய்! நியாராய்!' என்று கூப்பிடுவாள். தெருவில் போகிறவள் வந்து நிற்பாள்: 'வெட்கப்படுங்கள் அம்மா, கொஞ்சம் உப்பு இருக்கா?' அம்மா உப்பு எடுத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் கேட்பார்: 'வெட்கப்படுங்கள் அம்மா சௌக்கியமா?' அம்மா கைதட்டி வணங்கி, சௌக்கியம் என்பாள். அத்தனையும் போதாதென்று, இந்த மகளே முற்றத்தில் நின்று அந்தப் பெயரை மூன்று மூன்று தடவை கத்தியிருக்கிறாள். அத்தை எங்கே நின்றாள் என்று நினைவிருந்தது. அப்போதெல்லாம் அம்மா எங்கே நின்றாள் என்று அவள் பார்த்ததே இல்லை.

பெயர் சொல்லும்வரை பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது. குழந்தையை அத்தையின் மடியில் போட்டுவிட்டு நியாராய் தாண்டினாள். "அடியே, ஊர் பார்த்தா என்ன சொல்லும்!" என்று அத்தை கத்தினாள்.

அப்பா மரத்தடியில் மாட்டு நுகத்தடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்குப் பேர் வெச்சது யாரு?"

"நான்தான்" என்றார் தலை தூக்காமல், சந்தோஷமாக. "நல்ல பேரு. மில்லுக்கு ஏத்த பேரு."

"யார்மேல வெச்சீங்க?"

அவர் கைவேலையை நிறுத்தி யோசித்தார். எங்கோ வைத்துவிட்ட கத்தியைத் தேடுகிறவர் மாதிரி அங்கும் இங்கும் பார்த்தார். "அந்தச் சமயத்துல... பக்கத்து வயல்காரன் மாடு நம்ம சோளத்தை மேஞ்சுதே, அவன்மேலயா இருக்கும். ஏம்மா, அவன் ஏதாவது கேட்டானா?"

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் நியாராயை அடித்துப்போட்டது. அத்தை சொன்னதைவிட இது பெரிய அடி. எறிந்தவர் மறந்தே போயிருந்தார்.

"அம்மாமேல வெச்சீங்க."

"என்ன உளர்ற?"

"வாசப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டு. மாசக் கணக்கு இடிச்சுதுன்னு."

அவருடைய கை தானாகத் தன் காதுக்குப் போனது. மடலைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது.

"கோவம்மா. அப்போ கோவம்" என்றார் கடைசியில். "உன் காதைப் பார்த்ததும் போயிடுச்சு."

"கோவம் போச்சு. பேரு போச்சா?"

அவர் கையிலிருந்த செதுக்கு வாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது எதற்கென்று தெரியாதவர்போல.

நியாராய் உரலடிக்கு வந்தாள். அம்மா உலக்கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பச்சை உடம்பு, வெயில்ல என்னடி சுத்தற?"

"அம்மா, தெரிஞ்சேதான் கூப்பிட்டுட்டிருந்தியா என்னை? இத்தனை நாளும்?"

அம்மா குடிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ஒட்டிலியாவா? அவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

"நான் பேரை மாத்திக்கறேன். நாளைக்கே."

"எதுக்கு?" அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "மொதல்ல சொல்ல வரலதான். நாக்கு புரளாது. 'ஏய்'ன்னுதான் கூப்பிடுவேன். அப்புறம் நீ நடக்க ஆரம்பிச்ச. ஒருநாள் எருமைமுள்ளுக் காட்டுப் பக்கம் போயிட்ட. பயத்துல முழுசாக் கத்திட்டேன். கூப்பிட்டா, வெட்கமா வந்துச்சு? நீதான் ஓடி வந்த, மூக்கை ஒழுக்கிட்டு. அன்னியிலேருந்து எத்தனை தடவை ஓடி வந்திருப்ப? இதுல அர்த்தத்துக்கு எங்கடி எடம்?"

 

"அம்மா... எனக்கு முன்னாடி உன் பேரு என்ன?"

இது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதே இப்போதுதான் தெரிந்தது. அம்மா உலக்கையை உரலில் சாய்த்துவிட்டு, புதுப்பெண் மாதிரி வாயைத் துணியால் மறைத்துக்கொண்டாள்.

"ருஜெகோ."

'வெளிச்சம்' என்று அர்த்தம். நியாராய் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்: "யார்மேல வெச்சது?"

"யார்மேலயும் இல்ல. எங்கப்பாவுக்கு அந்த வருசம் யார்கூடவும் சண்டையில்ல போலிருக்கு."

பாதையில் குலவைச் சத்தம் கேட்டது. மாமியார் வந்துவிட்டாள், இரண்டு நாத்தனார்களும் தலையில் கூடைகளுமாக. தன் வீட்டில் புலியான அந்த அம்மாள், சம்பந்தி வீட்டு முற்றத்தில் பூனைக்குட்டியாய் மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினாள். அப்பா வந்து மணையில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்து, உடம்பு சரியில்லையோ என்று மாமியார் விசாரித்தாள். அம்மா புளித்த கூழை மொண்டு ஊற்றத் தொடங்கினாள்.

நியாராய் குழந்தையோடு வெளியே வந்தாள். நெட்சாய் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மூன்று வருடம் தீட்டியது. எதிரே மாமியாரின் முகம், எங்கிருந்து அடி வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட முகம். எறிந்தால் தைக்கும். அப்புறம் உப்புக்கு வருகிறவள் நியாராயின் வாசலில் வந்து நிற்பாள்: 'நெட்சாய் அம்மா, கொஞ்சம் உப்பு இருக்கா?' வயலைத் தாண்டி இரு கைகளையும் குவித்து இவள் கூப்பிட வேண்டும். தொல்லை கொடுங்கள், தொல்லை கொடுங்கள்.

"பேரு ருஜெகோ" என்றாள்.

யாரும் குலவையிடவில்லை. அத்தை மட்டும் வாயைத் திறந்தவள் மூட மறந்தாள். மாமியார் தலையைச் சாய்த்து, அந்தப் பெயரை மேலும் கீழும் புரட்டிப் பார்த்து முள்ளைத் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளை இன்னும் கலக்கியது. மெல்லக் கைதட்டி, அப்பாவிடம் பேசினாள்.

"சம்பந்தி மன்னிக்கணும். வெளிச்சம், நல்ல பேருதான். ஆனா யார்மேலன்னு புரியலயே? எங்க வீட்டுல விளக்கு ஏத்தறதில்லன்னு சொல்றாளா? எங்க தலையில விழுற பேருன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, குனிஞ்சு வாங்கிக்கறோம்."

நியாராய் வாயெடுத்தாள். அதற்குள் அப்பா மணையை விட்டு எழுந்துவிட்டார். சம்பந்தி முன்னால் பெண்ணைப் பெற்றவர் எழுந்து நிற்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. மாமியார் அரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தாள்.

"உங்க மேல இல்ல சம்பந்தி" என்றார். "என்மேல."

"ஐயையோ, என்ன சொல்றீங்க!"

"அது என் வீட்டுக்காரி பேரு. நான்தான் அவளை வேற ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். சொன்னது என்னன்னுகூட மறந்துட்டேன். என்மேலதான் விழணும் இது."

அம்மா சாய்த்த குடுவை சாய்த்தபடியே இருந்தது. கூழ் கிண்ணம் நிரம்பி வழிந்து மாமியாரின் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பார்க்கவில்லை. மாமியாரும் பார்க்கவில்லை, சம்பந்தியின் முகத்திலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்பா கைகளை நீட்டினார். நியாராய் குழந்தையைக் கொடுத்தாள். பிடிக்கத் தெரியாதவர்போல வாங்கி, அதன் ஒட்டிய காதை விரலால் தடவிப் பார்த்து, குனிந்து, ஒருமுறை கூப்பிட்டார்.

"ருஜெகோ."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"வரேன், இருங்க" என்றாள் அம்மா.